பத்து மணிக்கு வீடு திரும்புகிறவர்

பெருமுக்கல் மலையைப் பார்த்து வளர்ந்து, எங்கள் உப்புக் காற்றுக்குள் வாழ வந்த என் அன்பு அண்ணிக்கு,

உங்கள் நினைவுக்கு வைத்த வருசப் பூசை முடிந்து ஒன்றரை மாதமாகிறது. சொல்ல வேண்டிய செய்திகள் சேர்ந்துவிட்டன. கேட்க வேண்டிய கேள்விகள் அதைவிட அதிகமாகச் சேர்ந்துவிட்டன. நீங்கள் இருந்தபோது நான் உங்களிடம் அதிகம் கேட்டதில்லை. பாண்டிச்சேரி ஹாஸ்டலில் இருந்து சனிக்கிழமை வந்து ஞாயிறு மாலை திரும்பிப் போகிற நாத்தனார் நான். வந்தால் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்துவிடுவேன். உள்ளே நீங்கள் அம்மாவோடு என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதைப் பார்த்திருக்கிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். பார்க்கவில்லை என்பது அந்த வேலை என் கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் போன மறுவாரமே கல்லூரி நூலக வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வரும்போது ஒரு நர்சிங் புத்தகத்தையும் கொண்டுவந்தேன். படம் போட்டு விளக்கிய தடிமனான புத்தகம். பக்கவாதம் வந்தவரை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எந்த இடத்தில் தலையணை கொடுப்பது, படுக்கைப் புண் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எல்லாம் அதில் இருந்தது. ஆனால் அந்தப் படங்களில் இருந்த நோயாளிக்கு வெட்கம் இல்லை. பிடிவாதம் இல்லை. காப்பி ஆறிவிட்டது என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதும் இல்லை. அம்மாவுக்கு மூன்றும் உண்டு.

அதனால் புத்தகத்தை மூடிவிட்டு, நீங்கள் விட்டுப்போன பொருட்களைப் படிக்க ஆரம்பித்தேன்.

அம்மாவின் நைட்டிகள் எல்லாவற்றையும் முதுகுப் பக்கம் மேலிருந்து கீழே வெட்டி, நாடா வைத்துத் தைத்திருந்தீர்கள். கிழிந்த நைட்டியையா மாமியாருக்குப் போட்டுவிடுவது என்று பெரியம்மாவிடம் ஒருமுறை முணுமுணுத்தது நான்தான். உங்கள் காதில் விழுந்ததா? விழுந்திருந்தால் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? வெட்டாத நைட்டியைச் செயலிழந்த கையில் நுழைக்க நான் அரை மணி நேரம் போராடிய அன்றுதான் அந்தத் தையலின் அர்த்தம் புரிந்தது. டம்ளரில் எப்போதும் பாதிதான் காப்பி ஊற்றுவீர்கள். முழு டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். அது அம்மாவின் நெஞ்சில் கொட்டியது. பாதி டம்ளரை அவர் வலது கையால் தானே பிடித்துக் குடிக்க முடியும். முழு டம்ளரை யாராவது பிடிக்க வேண்டும். இதை யார் உங்களுக்குச் சொன்னார்கள்? எத்தனை முறை கொட்டிய பிறகு கண்டுபிடித்தீர்கள்?

என் பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் எது வந்தாலும் உப்பு ஒத்தடம்தான். இடுப்பு வலியா, சுளுக்கா, வயிற்று வலியா, கல் உப்பை வெறும் சட்டியில் வறுத்து, பழைய துணியில் மூட்டை கட்டி வைத்துவிடுவோம். உப்பளத்துக்காரர்கள் வீட்டில் மாத்திரை தீர்ந்துபோகும், உப்பு தீராது. செயலிழந்த இடது காலுக்கு என்றைக்காவது ஒருநாள் உப்புதான் உயிர் கொண்டுவரும் என்று அம்மாவுக்கு நம்பிக்கை. நீங்கள் தினமும் மாலையில் மூட்டை கட்டுவதைப் பார்த்திருந்ததால் நானும் கட்டினேன். என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். தாங்குகிற சூடுதான். முட்டிக்குக் கீழே வைத்து, "சூடு போதுமாம்மா?" என்று கேட்டேன். "இன்னுங் கொஞ்சம் அழுத்து" என்றார். அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எடுத்தபோது தோல் கொப்புளித்திருந்தது.

உணர்ச்சி இல்லாத காலிடம் சூடு போதுமா என்று கேட்டிருக்கிறேன், அண்ணி.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட நர்சம்மாவுக்குக் காரணம் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. "உப்பு ஒத்தடமா?" என்றார்.

"ஆமாங்க."

"இந்த ஊருல இதே பொழப்பு. சர்க்கர இருக்குது, கால்ல உணர்ச்சி இல்ல, அதுல கொண்டுபோயி கொதிக்கிற உப்ப வைக்கிறீங்க. படிச்ச பொண்ணு மாதிரி இருக்கற?"

"லைப்ரரியில வேல பாத்தேங்க."

"அப்ப இதையும் எங்கனா படிச்சிருப்பியே."

படித்திருந்தேன். கொண்டுவந்த அதே புத்தகத்தில் இருந்தது. படித்தபோது அது வேறு யாருடைய காலாகவோ இருந்தது.

புண் ஆற இரண்டு மாதம் பிடித்தது. அது ஆறும்வரை ஒரே கேள்விதான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அம்மாவிடமே கேட்டுவிட்டேன். "அண்ணி இத்தன வருசமா வச்சாங்களே, ஒருநாளும் சுடலியே, எப்பிடிம்மா?"

அம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் பேச்சு வாயின் ஒரு ஓரத்தில் இருந்துதான் வரும் என்பது உங்களுக்குத் தெரியுமே.

"அவ எங்க சூடா வச்சா?"

"தெனம் வறுத்தாங்களே."

"வறுப்பா. நல்ல கால்ல சூடா வைப்பா. அப்பறம் மூட்டைய வெளிய எடுத்துக்கினு போயி ஆற வுட்டு, ஜில்லுன்னு ஆனதும் இந்தக் கால்ல வைப்பா. சூடு போதுமா அத்தன்னு வேற கேப்பா."

"இந்தக் கால்லதான் ஒண்ணுமே தெரியாதே. ஆறிப்போனது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"மூக்கு இருக்குதில்ல? உப்பு சூடா இருந்தா ஒரு வாசன வரும். இருவத்தஞ்சு வருசம் உப்புல நின்னவ நானு. எங்கிட்டயேவா?"

"தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்த?"

"பாவம், அவ்ளோ கஷ்டப்பட்டு ஏமாத்துறா. வுட்டுட்டேன்."

அன்று நான் வெகுநேரம் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்று, யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் அம்மாவின் நம்பிக்கையைக் காப்பாற்ற அவரை ஏமாற்றினீர்கள். அம்மா உங்கள் மனதைக் காப்பாற்ற ஏமாந்ததுபோல நடித்தார். வருடக்கணக்காக ஒவ்வொரு மாலையும் இது நடந்திருக்கிறது. இதில் யார் யாரைப் பார்த்துக்கொண்டார்கள்? பார்த்துக்கொள்வது என்பதை மேலே இருந்து கீழே இறங்குகிற ஒன்றாகவே நான் படித்து வைத்திருந்தேன். நல்ல உடம்பு, நோயுற்ற உடம்புக்குச் செய்வது. கட்டிலில் படுத்திருப்பவரும் ஏதோ செய்துகொண்டுதான் இருக்கிறார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த மூட்டையைக் கடைசி மாதங்களில் உங்கள் அடிவயிற்றிலும் வைத்துக்கொண்டீர்கள் என்று அண்ணன் சொன்னார். அது சூடாகத்தான் இருந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவர் கூப்பிட்டபோதெல்லாம், "நான் போயி படுத்துக்கினா அத்தைய யாரு பாக்கறது?" என்று கேட்டீர்களாம். அந்தக் கேள்விக்கு இந்த வீட்டில் யாரும் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாததால் நீங்கள் போகவில்லை. கடைசியில் போனபோது கட்டி பெரிதாகிவிட்டது என்றார்கள். இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியவில்லை, அண்ணி. இவ்வளவுதான் நடந்தது.

வருசப் பூசை முடிந்த மறுநாளே பெரியம்மா வந்து உட்கார்ந்தார். "அவனுக்கும் முப்பத்தாறு வயசுதான் ஆவுது. ஒருத்தியக் கொண்டாந்துட்டா உங்கம்மாவுக்கும் ஆச்சு, நீயும் ஒன் வேலைக்குப் போவலாம்."

அந்தப் பேச்சின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் அம்மா, அடுத்து நான். அண்ணனுக்கு மனைவி வேண்டுமா என்பது அதில் இல்லவே இல்லை. எனக்கு அது உறைத்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன், ஏனென்றால் எனக்கும் அது வசதியாக இருந்தது. நான் விட்டுவந்த இடம் காலியாகவே இருக்கிறது, இந்த மாதத்துக்குள் வந்து சேர முடியுமா என்று நூலகத்தில் இருந்து கேட்டிருந்தார்கள். எனக்குப் போக ஆசை. அதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. புத்தகங்களின் நடுவே நிற்கும்போதுதான் நான் எனக்குள் நேராக நிற்கிறேன். ஒரு பெண் இந்த வீட்டுக்கு வந்தால் நான் போகலாம். வராவிட்டால் போக முடியாது. கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தது.

பெரிய முதலியார்சாவடியில் ஸ்டெல்லா என்று ஒருவர். என்னைவிட நாலைந்து வயது பெரியவர், தையல் யூனிட்டில் வேலை. அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போய்விட்டது. அப்பாவும் இப்போது இல்லை. நானும் அண்ணனும் பெரியம்மாவும் போனோம். அம்மாவுக்குத் துணையாக எதிர்வீட்டு அக்காவை உட்கார வைத்திருந்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் பெரியம்மா சொன்னார். "மாமியா மெதுவா நடமாடுவாங்க, தன் வேலையத் தானே பாத்துக்குவாங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ ஏதும் ஒளறாத."

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்தது.

காப்பி குடித்த பிறகு ஸ்டெல்லா, கை கழுவ வாங்க என்று என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். குழாயடியில் நான் ஒருமுறை போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன்.

"வந்ததுல இருந்து நாலு வாட்டி பாத்துட்டீங்க," என்றார். "வீட்ல யாரு இருக்காங்க?"

"அம்மா. கூட எதிர்வீட்டு அக்கா இருக்காங்க."

"தன் வேலையத் தானே பாத்துக்கிறவங்களுக்கு எதுக்குத் துணை?"

குழாய் திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் உங்களை நினைத்தேன், ஆறிப்போன உப்பையும் நினைத்தேன். நீங்கள் சொன்ன பொய்க்கு உழைத்தது நீங்கள். தினமும் வறுத்து, ஆறவைத்து, காத்திருந்து வைத்தீர்கள். இந்தப் பொய்க்கு உழைக்கப்போவது எதிரே நிற்கிற இந்தப் பெண். சொல்லாமல் விட்டால் எனக்கு என் வேலை கிடைக்கும். சொன்னால் கிடைக்காது. சொல்லாமல் மழுப்பவும் எனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாய் திறந்துவிட்டது. அம்மாவால் எழுந்து உட்காரவே முடியாது, பேடு மாற்ற வேண்டும், திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. குழாயை மூடினார்.

"நாலு வருசம் எங்கப்பாவப் பாத்தேன். எனக்கு இது புதுசு இல்ல. ஒண்ணு கேக்கறேன், உங்க அண்ணனுக்கு உங்க அம்மாவத் திருப்பிப் படுக்க வைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"பேடு மாத்த?"

"ஆம்பளப் புள்ள எப்பிடிங்க..."

"எங்கப்பாவுக்கு நான்தான் மாத்துனேன். பொம்பளப் புள்ள எப்பிடின்னு ஒருத்தரும் கேக்கலயே."

அவர் விடவில்லை. "எத்தன மணிக்கு வேலைக்குப் போவாரு?"

"உப்பளங்க. விடியறதுக்கு முன்னாடியே போயிடுவாரு. வெயில் ஏறினா நிக்க முடியாதில்ல, பத்து மணிக்கு வந்துடுவாரு."

"பத்து மணிக்கு மேல?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன், அண்ணி. "சாப்ட்டுட்டுத் தூங்குவாரு. சாயந்தரம் வெளிய போவாரு."

"நல்ல மனுசனாத்தான் தெரியிறாரு," என்றார் ஸ்டெல்லா. "எனக்குப் புருசன் வேணும். நோயாளியப் பாக்க மாட்டேன்னும் சொல்லல. ஆனா, ரெண்டையும் ஒரே முடிச்சாப் போட்டு ஒருத்தி தலையில எறக்கப் பாக்கறீங்க பாருங்க, அதுதான் வேணாம்." பிறகு கை துடைக்கத் துண்டு எடுத்துக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பெரியம்மா என்னைக் கரித்துக்கொட்டினார். "வாய வச்சிக்கினு ஒரு மணி நேரம் சும்மா இருக்க முடியாதா ஒனக்கு? இப்ப நீதான் காலம் பூரா ஒக்காந்துக்கினு இருக்கப் போற." நான் அண்ணனிடம் ஸ்டெல்லா கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். நம் மரக்காணத்தில் இறங்கி நடக்கும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அவங்க அப்பாவுக்கு அவங்களேதான் மாத்துனாங்களாமா?"

"ஆமா."

மறுநாள் பத்து மணிக்கு வந்தார். வழக்கம்போல வெளிக் குழாயில் கால் கழுவினார். சாப்பாட்டுக்கு உட்காராமல் அம்மாவின் அறை வாசலில் வந்து நின்றார். "எப்பிடித் திருப்பணும், காட்டு."

முதலில் அம்மாவின் கக்கத்தில் கைகொடுத்து ஒரே தூக்காகத் தூக்கிவிட்டார். அம்மா அலறினார். "டேய், மூட்டையாடா நானு? லாரியில ஏத்தப் போறியா?" புத்தகத்தில் இருந்ததை நான் காட்டினேன். உடம்புக்கு அடியில் இரண்டாக மடித்த ஒரு விரிப்பைப் போட்டு, ஆளை இழுக்காமல் விரிப்பை இழுக்க வேண்டும். தோல் உராயக் கூடாது. அதைக் கேட்டதும் அண்ணனின் முகம் தெளிந்தது. இரண்டு ஓரத்தையும் சுருட்டிப் பிடித்தார், கையால் வெடுக்கென்று இழுக்காமல் உடம்பைப் பின்னால் சாய்த்து, தன் எடையாலேயே மெல்ல இழுத்தார். அம்மா சத்தமில்லாமல் நகர்ந்து வந்தார். உப்பு வாருகிறவர்கள் நீளக் கம்பில் கட்டிய பலகையை அப்படித்தான் இழுப்பார்கள். "கீழ இருக்கற சேறு ஏறாம மேல இருக்கற உப்பு மட்டும் வரணும். அதே மாதிரிதான்," என்றார், என்னிடம் இல்லை, தனக்குள். ஒரு வருடமாக நான் செய்துவருவதைவிட அவர் முதல் நாள் செய்தது நன்றாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

ஆனால் பேடு மாற்றுவது என்று வந்தபோது அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். "பாப்பா, அவன வெளிய போவச் சொல்லு."

மூன்று நாள் இதே பேச்சுதான். அண்ணன் ஊட்டிவிடலாம், திருப்பலாம், தலை சீவலாம். அதற்கு மேல் கூடாது. மூன்றாவது நாள்தான் கவனித்தேன், காலையில் வைத்த அந்தப் பாதி டம்ளர் காப்பி அப்படியே இருந்தது. தண்ணீரும் தொடவில்லை. குடித்தால்தானே மாற்ற வேண்டும்? அதனால் குடிப்பதையே நிறுத்திவிட்டார்.

"அண்ணன் பாத்துக்குவாரு, திங்கக்கெழம நான் வேலைக்குப் போறேம்மா," என்றேன்.

"போயேன். யாரு புடிச்சிக்கினா? நான் சாயந்தரம் வரைக்கும் குடிக்காம இருந்துக்குவேன்."

"சர்க்கர ஒடம்பு. தண்ணி குடிக்காம இருந்தா இன்னா ஆவும்னு தெரியுமா?"

"பெத்தவளப் புள்ள பாக்கற எடமா அது?"

இதற்குப் புத்தகத்தில் படம் இல்லை. எனக்கும் அம்மாவின் பக்கம் நியாயம் தெரிந்தது. அவருடைய உடம்பு, அவருடைய வெட்கம். அதை அவரிடம் இருந்து பிடுங்கிக்கொள்ள எனக்கு என்ன உரிமை? ஆனால் அந்த வெட்கத்துக்காக ஒரு பெண்ணைப் பலி கொடுத்துவிட்டோம், இன்னொரு பெண்ணைத் தேடிப் போனோம். இதை அம்மாவிடம் சொல்லிவிட்டேன், இதே வார்த்தைகளில் இல்லை. "நீ குடிக்காம இருந்தா நான் போவ மாட்டேன். நான் போவலன்னா, அண்ணி மாதிரி நானும் இங்கியே..." அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. அண்ணன் வந்ததும், பேங்க்குக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பினேன். பேங்கில் எனக்கு வேலை எதுவும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் போகிற பஸ்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டரைக்குத் திரும்பினேன். வாசல்படி ஏறும்போதே சண்டை கேட்டது. உள்ளே போகாமல் ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டேன்.

"மூணாவது பாத்தியில இன்னிக்கி சேறு ஏறிடுச்சும்மா."

"நேத்து தண்ணி வுட்டியா?"

"மேஸ்திரி வுடச் சொன்னாரு."

"மேஸ்திரிக்கு இன்னா தெரியும்? காத்து இப்பிடி அடிக்கறப்போ எவனாவது புதுத் தண்ணி வுடுவானா? அந்தாளு இன்னும் எதுக்கெடுத்தாலும் வானத்தையே பாத்துக்கினு நிக்கிறானா?"

"நிக்கிறாரு."

"நிப்பான். நான் இருந்தப்பவே அப்பிடித்தான். டேய், அந்தப் பக்கம் இல்ல, ஒட்டற பக்கம் மேல வரணும். இது கூடத் தெரியல, நீ உப்பு வாரி கிழிச்ச."

"எது மேல?"

"ஒட்டறது. நெதானமா. அப்பறம், மூணாம் பாத்திய நாளிக்கி இன்னா செய்யப் போற?"

இப்படியே பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. நைட்டி நாடா தாறுமாறாக முடிச்சிடப்பட்டிருந்தது. அம்மா என்னைப் பார்க்காமல், "காப்பி கொண்டா," என்றார்.

அண்ணி, அப்போதுதான் உங்களைப் பற்றி இன்னொன்று புரிந்தது. அம்மாவின் அறைக்குள் போனால் உங்கள் வாய் ஓயாது. எதிர்வீட்டில் என்ன குழம்பு, கோயிலில் யார் என்ன சேலை, பெருமுக்கல்லில் உங்கள் சித்தப்பா வீட்டு மாடு யாரை முட்டியது. அண்ணிக்கு வம்பு பேசுவதில் ஆசை என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு நான் படித்தேன். நீங்கள் அம்மாவுக்கு ஒரு திரை பிடித்துக்கொண்டிருந்தீர்கள், இல்லையா? பேச்சு மாட்டைப் பற்றி ஓடும்போது, கைகள் செய்வதை இருவருமே பார்க்க வேண்டியதில்லை. இதை யோசித்துச் செய்தீர்களா, தானாக வந்ததா? நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசத் தெரியாத அண்ணன், தனக்குத் தெரிந்த ஒரே விஷயமான உப்பை வைத்து அதையே செய்துவிட்டார். அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

தெருவில் பேச்சு கிளம்பத்தான் செய்தது. பெரியம்மா வந்து மூக்கைச் சிந்தினார். "ஆம்பளப் புள்ள ஆத்தாவுக்கு அள்ளிக் கொட்டறானேன்னு ஊரே பேசுது." அம்மா கட்டிலில் இருந்தபடியே, "அப்ப நாளையில இருந்து நீ வர்றியாக்கா?" என்று கேட்டார். பெரியம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அண்ணனிடம் கல்யாணப் பேச்சைப் பற்றிக் கேட்டேன். "வேணாம்னு இல்ல. மொதல்ல இதக் கத்துக்கறேன்," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒன் அண்ணி ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் அப்பவே செஞ்சிருப்பேன்" என்றார்.

"கேக்கணுமா?" என்றேன்.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். வருத்தப்படுத்திவிட்டேனோ என்று தோன்றியது. அதே கேள்வியை எனக்கும் போட்டுக்கொண்டேன். நீங்கள் அம்மாவைப் பார்த்துக்கொண்ட ஏழு வருடமும் அவர் பத்து மணிக்கு வந்துகொண்டுதான் இருந்தார். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலையே இருக்காது. மாதக்கணக்கில் வீட்டில்தான் இருந்தார். அவர் வீட்டில் இருந்தது உங்களுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒருவர் கண்ணிலும் படவில்லை. வெளியூர்க்காரப் பெண் ஒருவர் குழாயடியில் நின்று கேட்க வேண்டியிருந்தது. நீங்கள் எப்போதாவது கேட்க நினைத்தீர்களா? நினைத்து, வேண்டாம் என்று விட்டீர்களா? இதற்கு மட்டும் எனக்குப் பதில் கிடைக்கப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் கேட்டு வைக்கிறேன்.

இதை எழுதுகிற இந்தச் சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் உள்ளே அம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருக்கிறார். வகிடு கோணல் என்று திட்டு விழுகிறது. நாளை மறுநாள் காலை ஏழே முக்கால் பஸ்ஸில் நான் பாண்டிச்சேரிக்குப் போகிறேன். ஹாஸ்டல் வேண்டாம், தினமும் போய்வருகிறேன். நான் போவதற்கும் அண்ணன் வருவதற்கும் இடைப்பட்ட இரண்டு மணி நேரம் எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்ப்பார். எல்லாம் சரியாக நடந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அண்ணனுக்கு இடுப்பு வலிக்கும். அம்மா பிடிவாதம் பிடிப்பார். நான் சலித்துக்கொள்வேன்.

பதினோரு மணிக்கு நூலகத்தில் தேநீர் இடைவேளை. அப்போது வீட்டுக்குப் போன் செய்வேன். நீங்கள் இருந்தபோதும் தினமும் செய்தேன். "அம்மா சாப்ட்டாங்களா?" என்று கேட்பேன். "மாத்திர போட்டாங்களா?" என்று கேட்பேன். "சரிங்க அண்ணி, வைக்கிறேன்." இவ்வளவுதான் நம் பேச்சு. அத்தனை வருடப் போன்களில் உங்களைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை என்பதை இப்போது உட்கார்ந்து ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன். ஒன்றுகூட அகப்படவில்லை.

திங்கட்கிழமை அண்ணன் போனை எடுத்ததும், அம்மாவைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "நீ எப்பிடி இருக்கற? ஒனக்கு எங்கனா வலிக்குதா?" என்று கேட்பேன். ஒண்ணுமில்ல என்றுதான் சொல்வார், நீங்கள் சொல்லியிருக்கக்கூடியதைப் போல. மறுபடியும் கேட்பேன். அடுத்த நாளும் கேட்பேன். உண்மையான பதில் வரும்வரை போனை வைக்க மாட்டேன், அண்ணி. இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கேட்கத் தாமதித்துவிட்ட
உங்கள் நாத்தனார்